அபாய மணி சுவரோடு நிற்கலாமா?

சென்ற 2025-ம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி, புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலைக்கு அருகே, திருச்சி - புதுக்கோட்டை ரஸ்தாவின் மீதே ஒரு சிறு பயிற்சி விமானம் இறங்கிற்று. பறக்கையில் கோளாறு நேர்ந்ததால், பஸ்களும் லாரிகளும் ஓடும் பாதையையே அது நாட வேண்டியதாயிற்று. உள்ளே இருந்த இருவரும் தப்பினர். தெய்வாதீனம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் தெய்வாதீனத்தை நம்பி ஒரு ஜில்லாவின் நிர்வாகம் நடக்கலாகாது என்பது நமது அபிப்பிராயம்.

விமான நிலையங்களில் அபாய அறிவிப்புக்கு மூன்று படிகள் உண்டு. விமானத்தில் சிறு கோளாறு, எனினும் இறங்குவதில் பெருங்கஷ்டம் இராது என்றால் முதற்படி. தீயணைப்பு வண்டிகள் தத்தம் ஸ்தானத்தில் தயாராக நிற்கும். விபத்து நேரக்கூடும் என்ற அச்சமிருந்தால் இரண்டாவது படியாகிய முழு அவசர நிலை. நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கும் தீயணைப்புப் படைக்கும் அழைப்புப் போகும். விபத்து நேர்ந்தேவிட்டால் மூன்றாவது. ஓடுபாதையின் எந்தக் கோடிக்கும் நிலையத்துத் தீயணைப்பு வண்டி மூன்று நிமிஷத்துக்குள் போய்ச் சேர வேண்டுமென்பது சர்வதேச விதி. ஏற்பாடு நல்லதே. ஆனால் இந்த மூன்று நிமிஷக் கணக்கு சுற்றுச்சுவருக்குள் மட்டுமே செல்லும்.

2024 அக்டோபர் 11-ந் தேதி மாலை, 141 பிரயாணிகளுடன் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் சாதனம் பழுதுற்றது. போயிங் 737 வகை விமானத்தில் எண்ணெயை ஆகாயத்திலேயே கொட்டிவிட வசதி கிடையாது; பறந்து பறந்துதான் எரித்துப் பாரத்தைக் குறைக்க வேண்டும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது வானில் வட்டமிட்டது. நிலையத்தில் முழு அவசர நிலை அறிவித்து, ஆம்புலன்ஸ்களையும் தீயணைப்பு வண்டிகளையும் அணிவகுத்து நிறுத்தினர். இரவு எட்டேகால் மணி சுமாருக்கு விமானம் க்ஷேமமாக இறங்கிற்று. விமானிகளையும் நிலையத்தாரையும் பாராட்டுகிறோம். எனினும் அவ்வளவு நேரமும் விமானம் இருந்தது ஓடுபாதையின் மேலன்று. வயல்களுக்கும் கிராமங்களுக்கும் மேலே. அங்கே ஏதேனும் நேர்ந்திருந்தால் முதலில் ஓட வேண்டியவர்கள் யார்? கீரனூர், இலுப்பூர், புதுக்கோட்டைத் தீயணைப்புப் படையினரே அன்றோ?

இப்படியெல்லாம் சொல்லி அனுப்பினால் வீண் பீதி பரவும் என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். தண்டோரா போடும்படி நாம் கேட்கவில்லை. உத்தியோகஸ்தர் காதுக்குச் சேதி போனால் போதும். அபாயம் எப்பொழுதும் முன்னறிவித்து வருவதுமில்லை. 2018 அக்டோபர் 12-ந் தேதி பின்னிரவில், 136 பேருடன் துபாய்க்குக் கிளம்பிய விமானம் திருச்சி நிலையத்துச் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டே மேலெழுந்தது. பிறகு மணிக்கணக்கில் பறந்து மும்பையில் இறங்கிற்று. ஐயம் தோன்றியவுடன் மணியை அடித்துவிட்டு, பிறகு அடங்கச் சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

திருச்சியில் இரண்டாவது படி அறிவிக்கப்படும் அதே நிமிஷத்தில், புதுக்கோட்டைக் கலெக்டருக்கும், போலீஸாருக்கும், தீயணைப்பு நிலையங்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் சேதி எட்ட வேண்டும். ரஸ்தாவில் வண்டிகளை யார் நிறுத்துவது, வேடிக்கை பார்க்கக் கூடுவோரை யார் விலக்குவது என்பதும் முன்னரே தீர்மானமாகியிருக்க வேண்டும். எண்ணெய் நிறைந்த விமானத்தருகே செல்போனில் படமெடுக்க நெருங்குவது எத்தகைய விபரீதம் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. விமான நிலையங்களில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையேனும் முழு ஒத்திகை நடத்த வேண்டுமென்பது விதி. அடுத்த ஒத்திகையை ஓடுபாதையில் நடத்தாமல் கீரனூர்ப் பக்கத்து வயலொன்றில் நடத்தட்டும். இதை நிலையத்தாரிடம் எழுத்து மூலம் கேட்கும் பொறுப்பு ஜில்லா கலெக்டருடையது. அவரைக் கேட்கச் செய்யும் பொறுப்பு அந்த ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்களுடையது.