ஐந்து நட்சத்திர வேலைக்காரன்

யூனிக்ஸ் குடும்பத்துக் கம்ப்யூட்டர்களில் ஒரு வேலைக்காரன் இருக்கிறான். பேர் க்ரான். நிமிஷத்துக்கு ஒரு தடவை கண் முழித்துப் பட்டியலைப் பார்ப்பான். 'இப்ப ஏதாவது வேலை உண்டா?' உண்டு என்றால் செய்வான். இல்லையென்றால் மறுபடி குறட்டை. டீக்குக் காசு கேட்க மாட்டான். பால் விக்ஸி என்பவர் 1987-ல் எழுதிய க்ரானின் வாரிசுகள்தான் இன்றைக்கும் பல லினக்ஸ் மெஷின்களில் இருக்கின்றன.

அவனிடம் வேலை சொல்ல ஐந்து கட்டம். நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை. 'எதுவானாலும் சரி' என்றால் நட்சத்திரக் குறி. கட்டம், நட்சத்திரம், கிழமை... ஜாதகமேதான் ஸார்! தப்பாகப் படித்தால் பலனும் அப்படியே. தேதியில் 13, கிழமையில் வெள்ளி என்று எழுதுகிறீர்கள். '13-ம் தேதி வெள்ளியாக வந்தால் மட்டும்' என்பது உங்கள் எண்ணம். அவனோ எல்லா 13-ம் தேதியும் செய்வான், எல்லா வெள்ளிக்கிழமையும் செய்வான். மெஷின் கிரீன்விச் கணக்கில் ஓடினால் இன்னும் விசேஷம். காலை 9 மணிக்கு என்று எழுதியது நம்மூர் மத்தியானம் இரண்டரைக்கு நடக்கும்.

சிலர் க்ரானை நம்பாமல், 'வேலையைச் செய், 60 செகண்ட் தூங்கு, திரும்பச் செய்' என்று புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். வேலைக்கே 3 செகண்ட் பிடித்தால்? ஒரு சுற்றுக்கு 63 ஆச்சு. நாளைக்கு 1440 தடவை நடக்க வேண்டியது 1371-தான் நடக்கும். அடுத்த வேலை எத்தனை மணிக்கு என்று முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மிச்ச நேரம் மட்டும் தூங்க வேண்டும். பைசாவை ரவுண்ட் ஆஃப் பண்ணிப் பண்ணி மார்ச் மாசம் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாமல் முழித்த பி.காம்.காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம்.

மூணு செகண்டெல்லாம் ஜாஸ்தி. 1991-ல் வளைகுடா யுத்தத்தின்போது, சவூதியில் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணைக் கம்ப்யூட்டர், நேரத்தைப் பத்தில் ஒரு செகண்டாக எண்ணிக்கொண்டிருந்தது. பத்தில் ஒன்று என்பது நமக்குச் சுலபம். பைனரியில் அது முடிவே இல்லாமல் நீளும், நமக்கு மூன்றில் ஒன்று மாதிரி. 24 பிட்டோடு வெட்டினார்கள். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் பிசகு, ஒரு செகண்டில் சுமார் கோடியில் ஒரு பங்கு. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

மெஷின் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியது. பிசகு 0.34 செகண்டாக வளர்ந்துவிட்டது. ஸ்கட் ஏவுகணை அதற்குள் அரைக் கிலோமீட்டர் தாண்டிவிடும். பிப்ரவரி 25-ம் தேதி ஸ்கட் வந்தபோது பேட்ரியாட் தப்பான இடத்தில் தேடி, ஒன்றும் இல்லை என்று சும்மா இருந்துவிட்டது. குடியிருப்பில் இருந்த 28 அமெரிக்க சிப்பாய்கள் செத்துப்போனார்கள்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்திருக்கும். ஒன்றரை நிமிஷ வேலை. 'ரொம்ப நேரம் தொடர்ந்து ஓட்டினால் பிசகும்' என்று நாலு நாள் முன்னாடியே தகவல்கூட அனுப்பியிருந்தார்கள். ரொம்ப நேரம் என்றால் எத்தனை மணி என்று எழுதவில்லை. திருத்திய புரோகிராம் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26-ம் தேதி.