காபுரேற்றரை மாற்றுமுன்

பழைய மொறிஸ் மைனரின் ஆக்சிலேற்றரை மிதித்தால் ஒரு கணம் தயங்கி, இருமி, பின்னரே வேகமெடுக்கிறது என்பார்கள். கராஜில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "காபுரேற்றர் முடிஞ்சுது, மாத்த வேணும்." இந்த அவசரம் எனக்கு உடன்பாடன்று.

எப்போது தயங்குகிறது என்று முதலில் கேட்க வேண்டாமா? செய்தியாளனுக்கும் மெக்கானிக்குக்கும் பொதுவான கேள்வி அது. நீண்ட ஏற்றத்தில் இழுவை குறைந்துகொண்டே போனால் பெற்றோல் பம்பையும் குழாயையும் பார்க்கலாம். மிதித்த கணத்தில் மட்டும் தயங்கினால், அந்தக் காரிலுள்ள எஸ்.யூ. காபுரேற்றரின் தலை மூடியைக் கழற்றுங்கள். அதனோடு வரும் சிறு தண்டு ஒயிலில் தோய்ந்திருக்க வேண்டும். உள்ளிருக்கும் பிஸ்டன் சட்டென மேலெழாமல் தடுத்து, அக்கணத்தில் பெற்றோலைச் சற்றுக் கூடுதலாக உறிஞ்சச் செய்வது அந்த ஒயிலே. அது வற்றினால் காற்று மிகுந்து கலவை மெலியும். இதற்காகவா மூலப்பாகத்தைக் கழற்றி எறிவது?

ஒயில் இருந்தும் தயங்குகிறதா? என்ஜினை நிறுத்தி, பிஸ்டனை உயர்த்தி விடுங்கள்; 'டொக்' என்று விழவேண்டும். இடையில் சிக்கினால் அழுக்கு, அல்லது ஊசி நேராக இல்லை. அடுத்தது டிஸ்றிபியூற்றர். மைனர் 1000 இன் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம். அதற்குச் செல்லும் மெல்லிய வெற்றிடக் குழாய் வெடித்திருந்தாலும் இதே தயக்கம் வரும்.