சொல்லாமல் மூடும் செயலிகள்

கைபேசிச் செயலிகளை உருவாக்கும் வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்தால் போதும், குடும்ப விருந்துகளில் ஒரு புகார் தவறாமல் வந்துவிடும். "தம்பி, பெரிய படிவம் ஒன்ன பாதிவரைக்கும் நிரப்பிட்டேன். குறுஞ்செய்தியில வந்த ஆறு இலக்க நம்பரைப் பார்த்துட்டுத் திரும்பினா எல்லாம் காணோம். நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல."

பெரும்பாலும் அவர்கள் எதையும் தப்பாக அமுக்கியிருக்க மாட்டார்கள். நடந்தது வேறு.

திறப்பதிலிருந்து மூடுவதுவரை ஒரு செயலி பல நிலைகளைக் கடக்கிறது. நிலை மாறும்போதெல்லாம் இயங்குதளம் அதற்குத் தகவல் சொல்லும். ஆன்ட்ராய்டில் திரை உருவாகும்போது 'ஆன்கிரியேட்', கண்ணுக்குத் தெரியும்போது 'ஆன்ஸ்டார்ட்', நம் விரலுக்குத் தயாரானதும் 'ஆன்ரெஸ்யூம்'. வேறொன்று குறுக்கே வந்தால் 'ஆன்பாஸ்', திரை முழுவதும் மறைந்தால் 'ஆன்ஸ்டாப்', கடைசியாக 'ஆன்டெஸ்ட்ராய்'. எந்த அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று எழுதிவைப்பது எங்கள் பொறுப்பு.

சிக்கல் அந்தக் கடைசி அழைப்பில்தான். அது வராமலே போகலாம். நினைவகம் போதவில்லை என்றால், பின்னணியில் இருக்கும் செயலியை ஆன்ட்ராய்டு சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடும். ஐபோனில், பின்னணிக்குப் போகும் செயலிக்குக் கைவேலையை முடிக்க ஏறக்குறைய 5 விநாடிகள் கிடைக்கும். பிறகு அது உறங்கவைக்கப்படும். உறக்கத்தில் அகற்றப்பட்டால் அதற்கும் முன்னறிவிப்பு இல்லை.

ஆகவே, மூடும்போது சேமித்துக்கொள்ளலாம் என்று எழுதப்பட்ட செயலி, கடை சாத்தும்போது மொத்தமாகக் கணக்கு எழுதலாம் என்றிருக்கும் கடைக்காரரைப் போன்றது. நடுவில் மின்சாரம் போனால் அன்றைய கணக்கும் போச்சு. விற்க விற்க எழுதுபவருக்கு அந்தக் கவலை இல்லை.

இது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆனாலும் திட்டக் கூட்டங்களில், "எப்போதாவது நடப்பதுதானே, பிறகு பார்க்கலாம்" என்ற பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவரின் கையில் இருப்பது நினைவகம் தாராளமாக உள்ள புதிய கைபேசி. அதில் இந்தக் கோளாறு அரிதாகத்தான் தலைகாட்டும். பிள்ளைகள் புதியது வாங்கியதும் அம்மாவின் கைக்கு வந்து சேர்ந்த பழைய கைபேசியில்தான் அடிக்கடி நடக்கும். அரிது என்பது யாருக்கு அரிது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இத்துறையில் இருக்கும் இளையருக்கு ஒரு யோசனை. ஆன்ட்ராய்டின் மேம்பாட்டாளர் அமைப்புகளில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்றொரு தெரிவு உண்டு. அதை இயக்கினால், நீங்கள் விட்டு விலகிய திரை உடனே அழிக்கப்படும். அந்த நிலையில் உங்கள் செயலியின் படிவத்தைப் பாதி நிரப்பி, வேறு செயலிக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். கைபேசியைக் குறுக்காகவும் திருப்பிப் பாருங்கள். அப்போதும் ஆன்ட்ராய்டு வழக்கமாகத் திரையை அழித்து மறுபடி உருவாக்கும். எழுதியவை அப்படியே இருந்தால் நல்லது. இல்லையென்றால், பயனர் எழுத எழுதவே சேமியுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மின்கலத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, எல்லாச் செயலிகளையும் மேலே தள்ளி மூடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதனால் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து திறப்பதற்கும் மின்சாரம் செலவாகும். செயலி அசையாமல் நின்றுவிட்டால் மட்டும் மூடச் சொல்கிறது ஆப்பிள். ஆன்ட்ராய்டு தானாக ஒரு செயலியை நிறுத்தினால், அது விட்ட இடத்துக்குத் திரும்புவதற்கான சிறு குறிப்பைப் பத்திரமாக வைத்திருக்கும். நீங்களே தள்ளி மூடினால் அந்தக் குறிப்பும் போய்விடும்.

நீண்ட படிவம் என்றால், தேவையான எண்களைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் "நான்தான் கெடுத்துட்டேன்" என்று சொன்னால், குறை அவருடையது அல்ல, செயலியை எழுதியவர்களுடையது என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் பலர் மறுபடி முயன்று பார்க்கிறார்கள்.