தேவைப்படும் நாளில் செல்லாத பவர் பத்திரம்

பக்கவாதம் தாக்கி நினைவு தப்பிக் கிடக்கும் ஒருவரின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகை இருக்கிறது, ஊரில் மனை இருக்கிறது; மருத்துவமனையில் பில் நாள்தோறும் ஏறுகிறது. நன்றாக நடமாடிய காலத்திலேயே அவர் மகளுக்குப் பவர் எழுதிப் பதிவும் செய்து வைத்தார் என்றே கொள்வோம். பயனில்லை. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு. அவரே கையெழுத்துப் போட முடிந்தவரை செல்லும் பத்திரம், போட முடியாமல் போகும் நாளில் வெறும் காகிதமாகிறது. முதுமைக்கு முன்கூட்டியே திட்டமிடுங்கள் என்று மூத்தவர்களுக்குப் புத்தி சொல்லும் முன், திட்டமிட்டவரையே கைவிடும் இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும். அதைத் தமிழ்நாடு முதலில் செய்ய வேண்டும்.

கையெழுத்துப் போட முடியாத முதியவருக்காக ரிசர்வ் வங்கி ஒரு வழி வைத்திருக்கிறது: கைநாட்டோ, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையோ போதும், இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கை விழுந்தவருக்கு உதவும் இந்த விதி, மறதி நோயில் மகளையே அடையாளம் தெரியாதவருக்கு உதவாது. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சொத்தைக் கவனிக்க மேலாளரை நியமிக்கும் ஏற்பாடு இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சை முடிவுகளுக்கு ஒரு பிரதிநிதியை நியமிக்க இடம் கொடுத்ததே தவிர, சொத்து விஷயத்தில் வாய் திறக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், மீள வழியில்லாத நிலையில் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தும்படி முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று உறுதி செய்தது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதினால் போதும் என்றது. சிகிச்சையை நிறுத்தச் சொல்வதற்குச் செல்லும் பத்திரம் உண்டு. அந்தச் சிகிச்சைக்கு அவருடைய பணத்தையே எடுத்துச் செலவிட அப்படி ஒரு பத்திரம் கிடையாது.

நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கோமாவில் கிடப்பவருக்குக் காப்பாளரை நியமிக்கக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, கணவரின் சொத்தைக் கையாள மனைவியைக் காப்பாளராக நியமித்தது. மனிதநேயமான தீர்ப்புகள், சந்தேகமில்லை. ஆனால் தென்காசியிலோ தருமபுரியிலோ நோயாளியின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருக்கும் பெண், மதுரைக்கோ சென்னைக்கோ போய் வக்கீல் பிடித்து ரிட் மனு போட்டால்தான் கதி என்பது தீர்வாகாது. பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கு எதற்கு இந்தப் பத்திரமெல்லாம் என்ற வாதமும் உண்டு. பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் இதைக் கேட்கிறோம்: மலஜலம் எடுப்பது மருமகளோ மகளோ; காசோலையில் அவர்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

வலுவான ஆட்சேபம் வேறு. நினைவு தப்பிய பிறகும் செல்லும்படி ஓர் அதிகாரத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் சொத்தைச் சுருட்டிவிடுவார்கள் என்ற அச்சம். அது கற்பனை அல்ல. பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய, 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவையே வைக்க வேண்டியிருந்தது. பராமரிக்கும் நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் சொன்ன உச்ச நீதிமன்றம், சட்டத்தின் நோக்கத்தை மனத்தில் வைத்துத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் சொன்னது. ஆனால் இந்த வழக்குகள் காட்டுவது என்ன? நம்பகமான வேறு கருவி இல்லாததால், உயிரோடு இருக்கும்போதே வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவர்கள் மனுவோடு நிற்கிறார்கள். செட்டில்மென்டில் உரிமையே கைமாறுகிறது; நாம் கேட்கும் பத்திரத்தில் உரிமை அவரிடமே இருக்கும், நிர்வாகம் மட்டும் கைமாறும். இரண்டு மருத்துவர்கள் சான்றளித்த பிறகே அது நடைமுறைக்கு வரட்டும். ஆண்டுதோறும் அதே தீர்ப்பாயத்தில் கணக்குக் காட்டட்டும். குடியிருக்கும் வீட்டை விற்க மட்டும் தனி அனுமதி வேண்டும் என்று வைக்கலாம். சிங்கப்பூர் 2008-இலேயே இதற்கென மனத்திறன் சட்டம் இயற்றிவிட்டது.

டெல்லிதான் செய்ய வேண்டும் என்று சென்னை கைகாட்ட முடியாது. முகமை உள்ளிட்ட ஒப்பந்தங்கள் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் 7-ஆவது இனம். சட்டப்பேரவை திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் மாநிலத்தில் செல்லும். 2021-க்கான கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். சட்டம் வரும்வரை செய்யக்கூடியவையும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியர், ரத்த அழுத்தம் பார்ப்பதோடு, உச்ச நீதிமன்றம் ஏற்ற மருத்துவ முன்விருப்பப் பத்திரத்தைப் பற்றியும் சொல்லலாம்; அந்தப் பத்திரங்களைப் பெற்று வைக்கும் அலுவலர் யார் என்பதை ஒவ்வொரு நகராட்சியும் ஊராட்சியும் வாசலில் எழுதிப் போடலாம். வீட்டில் மூத்தவர்கள் இருப்போர் வங்கிக் கணக்கில் இன்னொரு பெயரைச் சேர்ப்பதையும், இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதுவதையும் அவர்கள் கை நடுங்காதிருக்கும்போதே முடித்துவிடுங்கள். மீதியைச் சட்டப்பேரவை செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்தொடரிலேயே அரசு இதற்கான மசோதாவைக் கொண்டு வரட்டும்.