கடைக்காலிலேயே தடுப்போம்!

பெங்களூரில் எழும் புதிய கட்டடங்களுக்குக் கடைக்கால் தோண்டுகிறவர்கள் யார்? கம்பி கட்டுகிறவர்கள் யார்? சித்தாளாக நின்று ஜல்லி சுமப்பவர்கள் யார்? தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம் மக்கள் அவர்களில் பலர். அந்தக் கடைக்காலோடு சேர்ந்த ஒரு கோரிக்கையை இன்று வாசகர்கள் முன் வைக்கிறோம்.

மண்ணிலும் பாறையிலும் நுண்ணளவில் யுரேனியம் உண்டு. அது சிதைந்து ரேடியமாகிறது. ரேடியத்திலிருந்து ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. திறந்த வெளியில் காற்றோடு கலந்து கரைந்துவிடும். ஆனால் தரையின் வெடிப்பு வழியாகவும், குழாய் நுழையும் துளை வழியாகவும் வீட்டுக்குள் புகுந்தால் அடைபட்ட அறையில் தங்கிவிடும். அது சிதையும்போது உண்டாகும் துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு கதிர்வீச்சால் அதைப் புண்ணாக்குகின்றன. நுரையீரல் புற்றுநோயில் நாட்டுக்கு நாடு நூற்றுக்கு 3 முதல் 14 வரை ரேடானால் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. புகைபிடிப்பவருக்கு இந்த ஆபத்து 25 மடங்கு அதிகம் என்றும் அது சொல்கிறது. பீடி பிடிக்கும் தோழர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கட்டிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்தில் வேலை செய்த ஒரு பொறியாளர், கதிர்வீச்சுச் சோதனைக் கருவியைத் தாண்டும்போதெல்லாம் மணி அலறியது. காரணம் நிலையத்தில் இல்லை. அவருடைய வீட்டில் இருந்தது! வீட்டின் அடியிலிருந்து கிளம்பிய ரேடானைத்தான் அவர் உடம்பில் சுமந்து வந்திருக்கிறார். அந்த மணி அடிக்காதிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது.

தெரியாத ஆபத்தைக் குடியிருப்பவன் தடுக்க முடியாது. கட்டுகிறவன்தான் தடுக்க முடியும். அயர்லாந்து இதை உணர்ந்தது. 1998 ஜூலை முதல் அங்கே ரேடான் மிகுந்த பகுதிகளில் கட்டும் புதிய வீடுகளின் தரைக்கடியில் வாயு புகாத விரிப்பு போடுவது கட்டாயம். மற்ற இடங்களிலும் தரைக்கடியில் ஒரு சிறு குழியும், அதிலிருந்து வெளியே வரும் குழாயும் வைத்தாக வேண்டும்; பின்னால் தேவைப்பட்டால் ஒரு விசிறியைப் பொருத்தி வாயுவை வெளியேற்றலாம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 2009-இல் புதிய வீடுகளுக்கு இத்தகைய விதியைக் கொண்டுவந்தது. இதில் பெரிய வித்தை எதுவுமில்லை. கடைக்கால் போடும்போது செய்தால் செலவு சிறிது. குடிபுகுந்த பின் தரையை உடைத்துச் செய்தால் செலவு பல மடங்கு.

"குடிக்கத் தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கிறோம், இப்போது ரேடானா?" என்று சிலர் கேட்கலாம். "நம் நாட்டில் சன்னலைத் திறந்தால் தீர்ந்தது" என்று வேறு சிலர் சொல்லலாம். காற்றோட்டம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நம்மவர் குடியிருப்பது பத்துக்குப் பத்துத் தரைத்தள அறை. ஒற்றைச் சன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. கொசுவுக்கும் திருட்டுக்கும் பயந்து இரவெல்லாம் அடைத்து வைப்பது. பெங்களூரோ கருங்கல் பாறைமேல் அமர்ந்த ஊர். இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் ரேடான் இருப்பதை ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

கோலார் தங்கவயலை நாம் மறக்கலாமா? பாறைத் தூசி நம் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலைத் தின்றதை 1940-களிலேயே மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. இருமலோடு வீடு திரும்பியவர்களுக்கு நுரையீரல் திரும்பக் கிடைக்கவில்லை. நோய் வந்தபின் நஷ்டஈடு கேட்டு அலைவதைவிட, வருமுன் காப்பதே உழைப்பவனுக்கு லாபம்.

ஆகவே கோருகிறோம்: முதலில் வார்டு வார்டாக வீடுகளில் ரேடானை அளந்து, முடிவை மக்கள் மொழிகளில் வெளியிடுக! அளவு மிகுந்த பகுதிகளில் புதிய வீடுகளுக்கு அடித்தளத் தடுப்பைக் கட்டட விதியில் சேர்த்திடுக! குடிசை மாற்று வாரிய வீடுகளிலும், பிரதமர் வீட்டுவசதித் திட்ட வீடுகளிலும் அதை முதலில் நிறைவேற்றி அரசே வழிகாட்டுக! ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரல் என்பது 2009-இல் உலக சுகாதார நிறுவனம் காட்டிய அளவு. அதுவே நம் குறியாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். இந்த விதி புதிதாகக் கட்டுகிறவனைக் கட்டுப்படுத்த வேண்டுமேயன்றி, பழைய குடிசையில் இருப்பவனை வெளியேற்றச் சாக்காகிவிடக் கூடாது. வாடகையை ஏற்றவும் காரணமாகக் கூடாது.

ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவன் தன் பிள்ளை மூச்சுவிட நல்ல வீடு கேட்கிறான். இது சலுகை அல்ல, உரிமை!