கற்பூரச் சத்தியமும் பன்னிரண்டு படிகளும்

இனிக் குடியைத் தொடுவதில்லையென்று குலதெய்வத்தின் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தவரும், பூசாரியிடம் கயிறு கட்டிக்கொண்டு வந்தவரும், ஐயப்பனுக்கு மாலையணிந்து ஒரு மண்டலம் நியமத்தோடு இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடை வாசலில் நின்றவரும் இல்லாத தெரு தமிழ்நாட்டில் உண்டா என்பது சந்தேகந்தான். அவர்கள் பொய்ச் சத்தியம் செய்தார்கள் என்று நான் கருதவில்லை. அந்தக் கணத்தில் அவர்களுடைய சங்கற்பம் மெய்யானதே. ஆனால் சத்தியமானது ஆயுள் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறது. அது முறிந்துவிட்டாலோ, தெய்வக் குற்றமென்ற அச்சமும், ஊராரின் ஏளனமும், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூசும் கூச்சமும் ஒன்றுசேர்ந்து அம்மனிதரை மறுபடியும் அந்தப் பாட்டிலிடமே துரத்திவிடுகின்றன. "மனசு வைத்தால் விட முடியாதா?" என்று கேட்கிற நாம், குடிநோயில் பழுதுபட்டுக் கிடப்பதே அந்த மனசுதான் என்பதை நினைப்பதில்லை.

அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்கு 1935-ம் ஆண்டு மே மாதத்தில் வியாபார காரியமாக வந்து, அது தோல்வியுற்று, ஹோட்டல் கூடத்தில் தன்னந்தனியே நின்ற பில் வில்ஸன் என்ற நியூயார்க் பங்குத் தரகர், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தபடியால், பக்கத்து மதுக்கூடத்தின் ஆரவாரம் தம்மை இழுப்பதை உணர்ந்து, வேறொரு குடிகாரரோடு பேசினாலன்றித் தாம் தப்புவதற்கில்லை என்று தேவாலயத்தாரைத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார். அப்படிக் கிடைத்தவர்தாம் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை வைத்தியர். கால் மணி நேரத்துக்குமேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்த அவர், இரவு நெடுநேரம்வரை எழுந்திருக்கவில்லை. உபதேசிகளைப் பார்த்துச் சலித்திருந்த வைத்தியருக்கு, தம் வீழ்ச்சியைத் தம் வாயாலேயே சொல்லிக்கொண்டு, தமக்காகவே பேச வந்த மனிதர் புதுமையாக இருந்தார். ஆயினும் சில வாரங்களில், மருத்துவ மாநாடு ஒன்றுக்குப் போன இடத்தில் பாப் மீண்டும் குடித்தார். திரும்பி வந்தவரைப் பில் கடிந்துகொள்ளவில்லை. அறுவைக்குப் போகவேண்டிய கை நடுங்காதிருக்கும்பொருட்டு, ஜூன் 10-ம் தேதி காலையில் ஒரு பாட்டில் பியரும் கொடுத்தனுப்பினார். 1950-ல் இறக்கும்வரை பாப் அருந்திய கடைசி மது அதுவே. அந்தத் தேதியைத்தான், குடியை விட விரும்புவோர் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

1939-ல் வெளிவந்த அவ்வியக்கத்தின் நூலில் உள்ள பன்னிரண்டு படிகளில் மதுவின் பெயர் வருவது முதற்படியில் மட்டுமே: மதுவுக்கு முன்னால் சக்தியற்றுப் போனோம், வாழ்க்கை நம் கையை மீறிவிட்டது என்று ஒப்புக்கொள்வது. அதற்குரிய எழுவாய் பன்மையாக இருப்பதுதான் எனக்கு விசேஷமாகப் படுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல்; தமிழிலோ 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார், 'நாம்' என்றால் உள்ளே வந்துவிடுகிறார். இன்றைக்குத்தான் முதன்முறையாகத் தயங்கித் தயங்கிக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தவரையும் சேர்த்துக்கொள்ளும் அந்த 'நாம்' தான் கூட்டத்தின் சாரம் என்பது என் அபிப்பிராயம். சத்தியம் செய்கிறவன் 'நான்' என்று தொடங்குகிறான். அந்த 'நான்' ஏற்கெனவே பலமுறை தோற்றது.

மற்றப் படிகளுள் கடினமானவை நான்காவதும் ஐந்தாவதும். மளிகைக் கடைக்காரர் வருஷக் கடைசியில் இருப்பெடுப்பது போல, தம்முடைய கோபம், பயம், வஞ்சம், பொய் அனைத்தையும் கூசாமல் எழுதிப் பார்த்து, பிறகு அதைக் கடவுளிடத்தில் மட்டுமன்றி இன்னொரு மனிதரிடத்திலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். கோயில் தூணருகில் கண்ணீர் விடுவது சுலபம். எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும் சிநேகிதரிடம், மகளின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துக் குடித்ததைச் சொல்லுவது சுலபமன்று. எட்டிலும் ஒன்பதிலும், தம்மால் துன்புற்றவர்களைப் பட்டியலிட்டு, நேரில் சென்று பரிகாரம் செய்யவேண்டும்; ஆனால் அவ்வாறு செய்வது அவர்களுக்கோ பிறருக்கோ தீங்காகுமாயின் கூடாதென்ற விலக்கும் உண்டு. தன் மனச்சாந்திக்காகப் பிறர் மனத்தைப் புண்படுத்தலாகாது என்ற இந்த விவேகம் நம்முடைய பிராயச்சித்த விதிகள் பலவற்றில் இல்லை.

கடவுள் பேச்சு வருகிறதே என்று நம் பகுத்தறிவாளர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். அவரவர் உணர்ந்தபடியான கடவுள் என்றே அங்கே எழுதியிருக்கிறது. கூட்டத்தையே தம்மினும் மேலான சக்தியாகக் கொண்டு தேறிய நாஸ்திகர்களும் உண்டு.

இம்முறை எல்லாருக்கும் பலித்துவிடும் என்று சொல்லுவது பேதைமை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரக்கூடுமாகையால், முதலில் பார்க்கவேண்டியவர் வைத்தியரே. ஆனால் 27 ஆய்வுகளையும், அவற்றில் பங்குகொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் கணக்கிலெடுத்து 2020-ல் வெளிவந்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வமைப்பின் பரிசீலனை, நோயாளியை முறைப்படி இக்கூட்டங்களுக்கு ஆற்றுப்படுத்தும் சிகிச்சையானது, தொடர்ந்து குடியாமலிருக்கச் செய்வதில் மற்ற உளச்சிகிச்சைகளைவிட மேலானதென்று கண்டது. ஆற்றுப்படுத்துதல் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதினேன். பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணன் எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்லுவதைத் தனி இலக்கிய வகையாகவே வளர்த்த மொழிக்குப் பன்னிரண்டாம் படி அந்நியமானதன்று. தேறியவர் தேறாதவரைத் தேடிப் போவதே அந்தப் படி.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, குடியை நோயென்று கருதிச் சிகிச்சை செய்வதற்கு இங்கே பாதை போட்டது. சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவருக்கு அந்தந்த ஊரில் வாரத்துக்கு ஒரு மாலையாவது உட்கார்ந்து பேச இடம் வேண்டும். 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையைத் தானே நடத்திவரும் அரசுக்கும், கல்யாண மண்டபமும் வாசகசாலையும் பள்ளிக்கூடமும் வைத்திருக்கும் பெரியோர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே: இவ்வியக்கத்தார் வந்து கேட்டால் ஓர் அறையை மறுக்காதீர்கள். இலவசமாகக் கொடுக்கவேண்டிய அவசியமுமில்லை. வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய மரபு, வாடகையை அவர்களே கொடுத்துவிடுவார்கள்.