கிடா கொழுக்க எண்ணெய் புகட்டலாமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை தவறினால் பருத்தியும் போச்சு, சோளமும் போச்சு! அப்போது வீட்டைக் காப்பாற்றுவது கொட்டிலில் நிற்கும் கிடாதான். வேம்பூர்ப் பொட்டாடு ஒன்றோ, கன்னி ஆடு ஒன்றோ விலை போனால், பள்ளிக்கூடச் செலவும் மருந்துச் செலவும் தீரும்.

விற்கிற கிடா நன்றாகக் கொழுத்திருக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இராது? பருத்திக்கொட்டை அரைத்து வைக்கிறார்கள். புண்ணாக்கு ஊற வைக்கிறார்கள். "எண்ணெய்தானே கொழுப்பு? எண்ணெயையே புகட்டினால் என்ன?" என்ற எண்ணம் அடுத்தாற்போல் வருகிறது.

கணக்குப் பார்த்தால் சரி போலத்தான் தெரியும். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஆனால், ஆட்டின் வயிறு இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை.

அமெரிக்காவில் கறிக்கென்றே மாடு வளர்க்கிறார்கள். தீவனத்தில் எண்ணெயும் உருக்கிய கொழுப்பும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சமாகக் கலந்தபோது, தின்ற தீவனத்துக்கு ஏற்ற எடை கூடியது. தீவனத்தின் மொத்தக் கொழுப்பு 100-க்கு 6, 7 பங்கைத் தாண்டியதும், மாடு தீவனத்தைக் குறைத்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் அப்படிக் கறி மாடு வளர்ப்பது வழக்கமில்லை. உழுது ஓய்ந்த, பத்து வயது தாண்டிய மாட்டைத்தான் வெட்டலாம் என்பது 1958-ம் ஆண்டுச் சட்டம். ஆனால் ஆடும் அசை போடும் பிராணிதான். மாட்டுக்கு உள்ள அதே நாலு அறை வயிறு அதற்கும் உண்டு.

அந்த வயிற்றின் முதல் அறையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடி கோடியாக வாழ்கின்றன. சோளத்தட்டையை ஜீரணிப்பது ஆடல்ல, அவைதான்! எண்ணெய் மிகுந்தால் தட்டையின் மேல் படலம் போலப் படிகிறது. நார் தின்னும் நுண்ணுயிர்களில் பல மடிகின்றன. தட்டை ஜீரணமாகாமல் தங்குகிறது. வயிறு நிறைந்தாற்போல் இருக்கும், எடை ஏறாது. எண்ணெய்க் காசும் போயிற்று, தட்டைக் காசும் போயிற்று.

இன்னொரு வேடிக்கை. கோழிக் குழம்பு ஆறினால் மேலே எண்ணெய் மிதக்கும். ஆட்டுக்கறிக் குழம்பு ஆறினால் வெள்ளையாக உறைந்து நிற்கும். ஆடு தின்றது உறையாத பருத்திக்கொட்டை எண்ணெய்தானே, பின் கொழுப்பு ஏன் கட்டியாகிறது? வனஸ்பதி ஆலையில் எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்துக் கட்டியாக்குகிறார்கள் அல்லவா? அந்த வேலையை ஆட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆலை இல்லாமலே செய்துவிடுகின்றன. கோழிக்கும் பன்றிக்கும் அந்த அறை இல்லை; தின்ற எண்ணெயின் குணம் அவற்றின் கொழுப்பில் அப்படியே தெரியும்.

குட்டி வளரும்போது முதலில் எலும்பு, பிறகு சதை, கடைசியில்தான் கொழுப்பு. வளரும் கிடாவுக்கு வேண்டியது சதை வைக்கும் புரதம். வளர்ந்து முடிந்த கிடாவுக்கு அளவுக்கு மேல் ஊட்டினால் குண்டிக்காயைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் கொழுப்புத்தான் சேரும்.

எவ்வளவு கொடுக்கலாம்? 25 கிலோ கிடா, ஈரம் நீக்கிப் பார்த்தால் தினம் 800, 900 கிராம் தீவனம் தின்னும். அதில் மொத்தக் கொழுப்பு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். இலை தழையிலேயே 20 கிராம் போய்விடும். மீதி 30 கிராம். பருத்திக்கொட்டையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். ஆகவே 150 கிராம் பருத்திக்கொட்டையோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் சொட்டு எண்ணெய்க்கும் இடமில்லை. வயிறு உப்பிய ஆட்டுக்கு வைத்தியர் சொல்லி ஒரு வேளை எண்ணெய் கொடுப்பது மருந்து, அது வேறு. பால் குடிக்கும் குட்டிக்குப் பருத்திக்கொட்டையே ஆகாது. அதிலுள்ள காசிப்பால் என்ற நஞ்சைத் தாங்கும் வயிறு அதற்கு இன்னும் அமையவில்லை.

புண்ணாக்கு விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் உண்டு. மரச்செக்குப் புண்ணாக்கில் 100-க்கு 10 பங்கு போல எண்ணெய் தங்கும். எந்திரத்தில் பிழிந்ததில் 6 முதல் 8. சால்வென்ட் ஆலைப் புண்ணாக்கில் ஒரு பங்குதான். "எண்ணெய் இல்லாத சக்கை" என்று இதை ஒதுக்குகிறார்கள். எண்ணெய் போன இடத்தில் புரதத்தின் பங்கு கூடியிருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வளரும் குட்டிக்கு அதுவே மேல்.

வாங்குகிறவருக்கு இது தெரிய வழி என்ன? கடைகளில் புண்ணாக்கைத் தராசில் போட்டு விலை சொல்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. எண்ணெய் இத்தனை பங்கு, புரதம் இத்தனை பங்கு என்று விலைப் பலகையிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். கால்நடைத் துறை இதைக் கட்டாயமாக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் இரண்டு எண்களைப் பார்த்து வாங்கிவிடுவார்.